பத்தமடைப் பாய்: உற்பத்தியாளர் கம்பெனியா, கூட்டுறவுச் சங்கமா?

வணக்கம். பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் சிலரோடு சேர்ந்து ஒரு தொழில் அமைப்பு தொடங்கப் பார்க்கிறோம். சின்ன வயதில் டிசைன் படிக்க ஆசைப்பட்டு, வீட்டுச் சூழலால் காமர்ஸ் படித்தவள் நான். இப்போது தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் கரைக்கு என்ன நிறம் போடலாம் என்று பேசும்போது அந்தப் பழைய ஆசை மறுபடி எட்டிப் பார்க்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நயம் பாய்க்கு, அதாவது மெல்லிசான உயர்தரப் பாய்க்கு, கோரையை ஊறவைத்து, காயவைத்து, நூல் மாதிரி மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். பாடெல்லாம் இவர்களுடையது, விலை சொல்வது வியாபாரி. புவிசார் குறியீடு இருந்தும் இதுதான் நிலைமை.

அதனால்தான் அமைப்பு தொடங்க இரண்டு வழிகளைப் பார்க்கிறோம். உற்பத்தியாளர் கம்பெனிக்கு (பொருளைச் செய்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி) 10 பேர் போதும். கைவினைத் தொழிலும் அதில் வரும், பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஆனால் வருடா வருடம் ஆடிட், ரிட்டர்ன் என்று செலவு இருக்கிறது (காமர்ஸ் படித்தது இதற்காவது உதவட்டும்!). கூட்டுறவுச் சங்கம் என்றால் 25 பேர் வேண்டும். எங்களிடம் இப்போதைக்கு அவ்வளவு பேர் இல்லை.

இதில் எதையாவது நடத்திய அனுபவம் உள்ளவர்கள், ஆரம்பத்தில் ஆடிட்டருக்கு எவ்வளவு ஆனது, சரக்கு விற்றுப் பணம் வரும்வரை கூலியை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்களேன். தனியாக மெசேஜ் அனுப்பினாலும் சரி.