டிரெய்லர் இழுக்க ட்ரக் வாங்கணும், சனிக்கிழமை கையெழுத்து, யாராச்சும் சொல்லுங்க (கால்கரி)

திருவாரூர்_கால்கரி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க பொங்கல் முடிஞ்ச கையோட கால்கரி வந்தோம். ஜூலைல அப்பா அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க, அப்பாவுக்கு முட்டி வலி, ஹோட்டல் ஹோட்டலா ஏறி இறங்க முடியாது, அம்மா வெளிச்சாப்பாடு தொட மாட்டாங்க, அதனால பான்ஃப் ஜாஸ்பர் எல்லாம் சுத்திக் காட்ட படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள ஒரு டிராவல் டிரெய்லருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோம். இப்ப அதை இழுக்க ட்ரக் வேணும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹாஃப் டன் ரக பிக்கப் ட்ரக் பாத்துருக்கோம், தோல் சீட்டு, சன்ரூஃப் எல்லாம் இருக்கு, விக்கிறவர் இது 5,000 கிலோ இழுக்கும் கண்ண மூடிட்டு வாங்குங்கன்றார். சனிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடலைன்னா வேற ஆளுக்குப் போயிருமாம். வீட்டுக்காரர் வாங்கிடலாம்ன்றார், எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. வாங்கலாமா வேணாமா?

மாயவரம்_எட்மன்டன்:
தங்கச்சி, வந்த மொத வருஷமே டிரெய்லர் எதுக்கு? வாடகைக்கு எடுத்துப் பாரு. நான் வந்த மொத குளிர்ல வண்டியே இல்ல, பஸ் ஸ்டாப்புல நிப்பேன், கண் இமைல பனி ஒட்டும், கோழிக் கடைல ராத்திரி வேலை, காலைல வந்து ரசம் சாதம் சாப்ட்டுப் படுப்பேன். வண்டி வாங்கறப்ப பிளாக் ஹீட்டர் இருக்கான்னு மட்டும் பாரு, மைனஸ் 15, 20க்கு கீழ போனா வயர சொருகி வச்சாதான் இன்ஜின் காலைல பேசும்.

பட்டுக்கோட்டை_கிராண்ட்பிரெய்ரி:
இழுக்கறதுன்னா டீசல்தான், வேற பேச்சே கிடையாது. மலை ஏறும்போது தெரியும் வித்தியாசம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 300 மீட்டர் உசரத்துக்கு சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கால்கரியே 1,000 மீட்டருக்கு மேல இருக்கு, ஜாஸ்பர் போற ஐஸ்ஃபீல்ட்ஸ் ரோட்ல போ சமிட், சன்வாப்டா பாஸ் ரெண்டும் 2,000 மீட்டர் தாண்டும். நம்ம ஊர்ல மேடுன்னா ஆத்துப் பாலம்தான், அந்தப் பழக்கத்துல இங்க வந்து நிக்காதீங்க.

கும்பகோணம்_ரெஜைனா:
டீசல் வேணவே வேணாம் அக்கா. கடைக்கும் ஸ்கூலுக்கும் கிட்ட கிட்ட ஓட்டுனா எக்ஸாஸ்ட்ல இருக்குற ஃபில்டர் சூடாகாம அடைச்சுக்கும், அதை மாத்தற செலவு தாங்காது. டீசல் புகைய சுத்தம் பண்ண டெஃப்னு ஒரு திரவம் தனியா ஊத்தணும், அது மைனஸ் 11லயே உறைஞ்சிரும், உருக்க ஹீட்டர் இருக்கு, அதுவும் போகும். டர்போ வச்ச பெட்ரோல் வண்டில உசரத்துல அவ்வளவு சக்தி குறையாது. வருஷத்துல நாலு வாரம் இழுக்கறதுக்காக மீதி நாள் பூரா கஷ்டப்படாதீங்க.

பட்டுக்கோட்டை_கிராண்ட்பிரெய்ரி:
என் வண்டி மைனஸ் 35ல ஸ்டார்ட் ஆவுது தம்பி.

மாயவரம்_எட்மன்டன்:
எந்த வண்டி வாங்குனாலும் இன்சூரன்ஸ் கேட்டா மயக்கம் வரும். நான் தஞ்சாவூர்-மாயவரம் ரோட்ல அத்தன வருஷம் ஓட்டுனதை ஒரு கம்பெனியும் கணக்குல எடுத்துக்கல, புது டிரைவர்னே ரேட்டு போட்டாங்க. ஊர்லேர்ந்து க்ளெய்ம் எதுவும் இல்லன்னு லெட்டர் வாங்கிக் குடுத்தும் பாத்தாச்சு.

நீடாமங்கலம்_சர்ரே:
அதை ஏன் கேக்குறீங்க. ஒரு கடைல விலை பேசி முடிச்சப்புறம் பேப்பர்ல அந்த ஃபீ இந்த ஃபீன்னு ஏத்திட்டே போனாங்க. ஊர்ல மாமா போன் போட்டா ட்ரக் வாங்கிட்டியாமே, ரெண்டு லட்சம் அனுப்பேன்றார். வட்டி கட்டறது யாருக்குத் தெரியுது. கோயில் திருவிழா டொனேஷன் வேற, போன மாசம் மூணு நோட்டீஸ் வந்துருக்கு வாட்ஸாப்ல.

கும்பகோணம்_ரெஜைனா:
எங்க தெருவுக்கே கும்பாபிஷேகம் வருது, கேட்டா இல்லன்னும் சொல்ல முடியல.

திருத்துறைப்பூண்டி_லாரி:
அம்மா திருவாரூர், ஜூன் 12 மேட்டூர் திறக்கறதுக்குள்ள வாய்க்கால் வேலைய முடிக்கணும்னு அலைஞ்சிட்டிருந்தேன், இப்பதான் பாக்குறேன். நான் ஆல்பர்ட்டால பெரிய லாரி ஓட்டிட்டு ஊருக்குத் திரும்புன ஆளு. நீங்க கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, சொல்லவும் முடியாது, ஏன்னா வேண்டிய மூணு விஷயத்தையும் நீங்க எழுதல. ஒண்ணு, டிரெய்லர்ல வெளிப்பக்கம் முன்னாடி ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஜிவிடபிள்யூஆர்னு போட்ட எடை, அதாவது சாமானெல்லாம் சேந்து டிரெய்லர் இதுக்கு மேல போகக் கூடாதுன்ற எடை. விக்கிறவங்க சொல்ற காலி எடை வேணாம், அதுல தண்ணி சாமான் எதுவும் சேராது. ரெண்டு, ட்ரக்ல டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல மஞ்சக் கலர் ஸ்டிக்கர், ஆளும் சாமானும் சேந்து இத்தன கிலோவுக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கும், அதுதான் பேலோட். மூணு, வண்டில எத்தன பேரு. போட்டோ வேணாம், நம்பர் மட்டும் எழுதுங்க.

திருவாரூர்_கால்கரி:
ரொம்ப நன்றி அண்ணே. டிரெய்லர் 26 அடி, ஸ்டிக்கர்ல 3,200 கிலோ. ட்ரக் கதவுல 640 கிலோ. நாங்க ரெண்டு பேர், அப்பா அம்மா, பையன் ஒண்ணாப்பு.

திருத்துறைப்பூண்டி_லாரி:
அப்ப கேளுங்கம்மா. டிராவல் டிரெய்லர் மொத்த எடைல 10லேர்ந்து 15 சதவீதம் ட்ரக்கோட ஹிட்ச், அதாவது டிரெய்லர் மாட்டுற கொக்கி மேல உக்காரும், அதுக்குப் பேரு டங் வெயிட். அதைக் குறைக்கவும் கூடாது. கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு ஏத்தும்போது மூட்டையெல்லாம் டிப்பர் பின்னாடி அடுக்குனா டிராக்டர் கொக்கிய மேல தூக்கும், ஓட்டும்போது பின்னாடி ஆடும்ல, அதே கதைதான் இங்க 100 கிலோமீட்டர் வேகத்துல நடக்கும்.

13 சதவீதம்னு வச்சா 416 கிலோ. 640ல அது போனா 224. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டே ஆகணும், அதுவே ஒரு 45 கிலோ வரும், மீதி 179. உங்க அஞ்சு பேரும் குழந்தை சீட்டும் சுமாரா 300 கிலோ. சூட்கேஸ் ஒண்ணு கூட ஏத்தாமலே 121 கிலோ அதிகம். இந்த ட்ரக்கு இந்த டிரெய்லருக்கு ஆகாது.

5,000 கிலோ இழுக்கும்னு அவர் சொன்னது பொய்யில்ல. ஆனா அந்த எண்ணு டிரைவரும் பக்கத்துல ஒருத்தரும் மட்டும் உக்காந்து, வண்டில சாமான் இல்லாம இருக்கறதா வச்சுப் போட்டது. குடும்பத்தோட போறவங்களுக்கு இழுக்குற எண்ணுக்கு முன்னாடியே பேலோட் தீந்துரும். தோல் சீட்டு, சன்ரூஃப், பக்கப் படி எல்லாம் எடை, அதெல்லாம் பேலோட்லேர்ந்துதான் கழியும். அதே கம்பெனி அதே இன்ஜின், சாதா மாடல்ல இன்னும் நூறு இருநூறு கிலோ கூட இருக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டிக்கர் வேற, கதவைத் திறந்து படிக்காம விலையே பேசாதீங்க.

நீடாமங்கலம்_சர்ரே:
அண்ணே, நான் இதே மாதிரி ட்ரக்ல 28 அடி இழுக்குறேன், ஒண்ணும் ஆகல. அந்த ஹிட்ச் போட்டா எடை பிரிஞ்சுரும்ல?

திருத்துறைப்பூண்டி_லாரி:
தம்பி, அந்த ஹிட்ச் பின் ஆக்சில்ல இருக்குற எடைல கொஞ்சத்த முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளும், ஸ்டியரிங்க் நல்லா இருக்கும். பேலோட் எண்ணைக் கூட்டாது. தெற்கு ஆல்பர்ட்டால லெத்பிரிட்ஜ் பக்கம் அடிக்கிற காத்துல 26 அடி பெட்டிய பக்கவாட்டுல தள்ளும்போதுதான் இந்தக் கணக்கெல்லாம் வந்து நிக்கும். பின்னாடி வயசானவங்க உக்காந்துருக்காங்க.

அம்மா, உங்களுக்கு ரெண்டு வழி. டிரெய்லரைச் சின்னதா மாத்துங்க, அட்வான்ஸை அதே கடைல வேற டிரெய்லருக்குத் திருப்பிக்க முடியுமான்னு கேளுங்க. இல்லன்னா முக்கால் டன், அதாவது 2500, எஃப்-250 ரகம், பெட்ரோல் போதும். உங்க தேவைக்கு டீசல் வேணாம், அவ்வளவு தூரம் ஓட்ட மாட்டீங்க. பட்டுக்கோட்டை தம்பி கிராண்ட் பிரெய்ரிலேர்ந்து எண்ணெய் வயலுக்கு தினமும் ஓட்டறவரு, அவருக்கு அது சரி. பழைய வண்டின்னா கடைக்காரர்ட்ட வண்டிய மெக்கானிக் சோதிச்சுக் குடுத்த மெக்கானிக்கல் ஃபிட்னெஸ் அசெஸ்மென்ட் பேப்பர் கேளுங்க, ஆல்பர்ட்டால அது குடுத்துத்தான் விக்கணும். வேற மாகாணத்து வண்டின்னா அடில படுத்து துரு பாக்கணும், உப்பு போட்ட ரோட்ல ஓடுனது பிரேக் பைப்பைத் தின்னுருக்கும்.

டிரெய்லர் பிரேக்கை ட்ரக்குக்குள்ளேர்ந்தே புடிக்கிற டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் வண்டில இருக்கான்னும் பாருங்க, 7 பின் பிளக் இருந்தா மட்டும் போதாது. பின்னாடி ஆட ஆரம்பிச்சா உங்க வீட்டுக்காரர் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை நேரா புடிச்சிட்டு ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு, கன்ட்ரோலர்ல கையால டிரெய்லர் பிரேக்கை மட்டும் புடிக்கணும். இறக்கத்துல டோ ஹால் மோட் போட்டு கியரைக் குறைச்சு இன்ஜினே புடிக்கட்டும், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குனா சூடாகி மங்கிரும்.

திருவாரூர்_கால்கரி:
அண்ணே, அந்த ட்ரக் வேணாம்னு சொல்லிட்டோம். இன்னைக்கு முக்கால் டன் பெட்ரோல் ஒண்ணு பாத்தோம், கதவுல 1,300 கிலோ. வீட்டுக்காரரே முதல்ல கதவைத் திறந்து படிச்சார். விலை கொஞ்சம் கூட, துணி சீட்டு. இதை வாங்குனா பராமரிப்பு என்னென்ன?

திருத்துறைப்பூண்டி_லாரி:
உங்க கணக்குக்கு 500 கிலோவுக்கு மேல மிச்சம் இருக்கு, தாராளம். மேனுவல்ல கடினப் பயன்பாடுன்னு தனி அட்டவணை இருக்கும், இழுக்கறவங்க அதைத்தான் பாக்கணும், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் ரெண்டும் சீக்கிரம் மாத்தணும். மலை ஏறும்போது டிரான்ஸ்மிஷன் சூடு மீட்டரைப் பாருங்க, சுமார் 95 டிகிரி சாதாரணம், ஏறிக்கிட்டே போனா ஓரங்கட்டி நியூட்ரல்ல இன்ஜின் ஓட விடுங்க.

டிரெய்லர்ல வீல் பேரிங் வருஷத்துக்கு ஒரு தடவ கிரீஸ். டயர் பட்டன் நல்லா இருந்தாலும் அஞ்சாறு வருஷத்துல மாத்திரணும், பக்கத்துல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்தோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. காத்து காலைல டயர் குளிர்ந்துருக்கும்போது புடிங்க. டிரெய்லர் டயர் பலதுக்கும் 105 கிலோமீட்டர்தான் வேக வரம்பு, ரோட்ல 110 போட்டுருந்தாலும் நீங்க 95, 100ல போங்க. சக்கரம் கழட்டி மாட்டுனா வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு முடுக்கிட்டு, 80 கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப ஒரு தடவ முடுக்கணும். தண்ணி டேங்க்கை முழுசா நிரப்பிட்டுப் போகாதீங்க, லிட்டருக்கு ஒரு கிலோ, கேம்ப் கிரவுண்ட்ல போய் புடிச்சுக்கலாம்.

முதல் பயணத்துக்கு முன்னாடி எல்லாரும் ஏறி, சாமான் ஏத்தி, ஹைவே பக்கம் லாரி நிக்கிற இடத்துல கேட் (CAT) ஸ்கேல்னு எடை மேடை இருக்கும், அதுல ஒரு தடவ எடை போட்டுப் பாருங்க. ரசீதுல ஆக்சில் ஆக்சிலா தனித்தனியா வரும், அதை இங்க எழுதுங்க, நான் பாத்து சொல்றேன்.