இடுப்பில் தொளதொளப்பு, தொடையில் இறுக்கம்: எந்த அளவு ஜீன்ஸ் வாங்குவது?

மதுரைமல்லி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 36. உயரம் 5 அடி 1 அங்குலம். இன்ச் டேப் வைத்து அளந்தால் இடுப்பு 30 அங்குலமும், பின்புறத்தின் மிக அகன்ற இடம் 42 அங்குலமும் வருகின்றன. கல்லூரியை விட்டு வந்த பின் 14 ஆண்டுகள் சுடிதாரிலும் புடவையிலுமே கழிந்துவிட்டன. இப்போது அலுவலகத்துக்கு நாள்தோறும் 11 கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய்வர வேண்டியிருக்கிறது. துப்பட்டா சக்கரத்தில் சிக்கிவிடுமோ என்று ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பிப் பார்ப்பதைவிட ஜீன்ஸுக்கே மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு மாதங்களில் மூன்று ஜீன்ஸ் வாங்கிவிட்டேன். முதலாவது 30 அளவு. இடுப்பு 30 என்பதால் அதையே கேட்டு, போட்டுப் பார்க்காமலே வாங்கியது என் தவறு. அது தொடையைத் தாண்டி ஏறவே இல்லை. இரண்டாவது 32. தொடையிலும் பின்புறத்திலும் அது நன்றாகவே பொருந்துகிறது, ஆனால் இடுப்புப் பட்டியின் பின்பக்கம் என் நான்கு விரல்களும் சேர்ந்து உள்ளே போகின்றன. பெல்ட் போட்டு இறுக்கினால் மூட்டைக்குக் கயிறு கட்டியது போலத் துணி சுருங்கி நிற்கிறது. போடாவிட்டால் ஸ்கூட்டரில் உட்கார்ந்ததும் பின்பக்கம் இறங்கிவிடுகிறது. மூன்றாவதை இணையத்தில் வாங்கினேன். நன்றாக இழுபடும் துணி, காலையில் கச்சிதமாக இருக்கிறது, மாலையில் முழங்காலில் இரண்டு குமிழ்கள் நிற்கின்றன.

கடையில் கேட்டால், 'போடப் போடச் சரியாகிவிடும் மேடம்' என்கிறார்கள். உண்மையில் நான் எந்த அளவு வாங்க வேண்டும்? அந்த 32-ஐத் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்ய முடியுமா, அல்லது அதையும் தங்கைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானா?

ஊசிக்காது எழுதியது:

தங்கைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கிய மூன்றில் சரியானது அந்த 32 தான்.

நான் பெங்களூரில் ஒரு ஜீன்ஸ் தொழிற்சாலையின் பேட்டர்ன் பிரிவில் 9 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கோவையில் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் ஜீன்ஸ்களில் பாதிக்கு மேல் உங்களுடைய இதே குறைக்காகத்தான் வருகின்றன. பல நிறுவனங்களின் அளவுப் பட்டியலில் இடுப்புக்கும் பின்புறச் சுற்றளவுக்கும் 9 அல்லது 10 அங்குலம்தான் வித்தியாசம் வைத்திருப்பார்கள்; உங்களுக்கு அது 12. ஆகவே எந்த அளவை எடுத்தாலும் ஓரிடத்தில் இடிக்கத்தான் செய்யும், அது உங்கள் உடம்பின் குற்றமில்லை. இடுப்பைப் பிடித்துத் தைத்துச் சிறிதாக்குவது எளிது. தொடையிலும் பின்புறத்திலும் இல்லாத துணியை எந்தத் தையற்காரராலும் கொண்டுவந்து ஒட்ட முடியாது. அதனால் எப்போதும் பின்புறத்துக்கும் தொடைக்கும் பொருந்தும் அளவை வாங்கிவிட்டு, இடுப்பை ஆல்டர் செய்துகொள்ளுங்கள். பட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பவும் வேண்டாம், ஏனென்றால் 30 என்று போட்டிருக்கும் ஜீன்ஸை விரித்து அளந்தால் 32 வருவது மிகச் சாதாரணம்.

ஆல்டர் செய்யும் முறையைத் தெரிந்துகொண்டு போனால் தையற்காரர் உங்களை ஏமாற்ற முடியாது. பின்பக்க நடுவில் இருக்கும் பெல்ட் லூப்பையும், பிராண்டு பட்டை அங்கே இருந்தால் அதையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு இடுப்புப் பட்டியை நடுவில் வெட்டி, அதற்குக் கீழே யோக் எனப்படும் பின்பக்கத் துணித்துண்டின் வழியாக உட்காரும் இடம் வரை போகும் நடுத்தையலைப் பிரித்து, மேலே அதிகமாகவும் கீழே போகப் போக ஒன்றுமில்லாமலும் சாய்வாகப் பிடித்து, முன்பிருந்தது போலவே இரட்டைத் தையல் போட்டு மூட வேண்டும். இப்படி ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் வரை தாராளமாகக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். மீதிக் குறை இருந்தால், பாக்கெட்டுகளுக்கு நேர் மேலே யோக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய டாட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத் தையலில் பிடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்; அங்கே முன்பாக்கெட்டின் வாயும் ரிவெட் என்ற உலோகக் குமிழும் இருப்பதால் கோணலாகிவிடும். பட்டியையும் யோக்கையும் தொடாமல் உள்ளே எலாஸ்டிக் வைத்துத் தரும் வேலையும் வேண்டாம், அது நீங்கள் பெல்ட்டில் கண்ட அதே மூட்டைக் கயிறுதான்.

ஜீன்ஸ் துணியான டெனிம் நான்கைந்து மடிப்பாகச் சேரும் இடத்தில் வீட்டுத் தையல் எந்திரத்தின் சாதாரண ஊசி முறிந்துவிடும். பவர் மிஷினும் 16 அல்லது 18-ஆம் எண் ஊசியும் வைத்திருப்பவரைத் தேடுங்கள். நல்ல ஆளாக இருந்தால் தைக்கும் முன் அந்தத் தடித்த இடத்தைச் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் தட்டையாக்குவார். ஒருவருடைய கைத்திறனை நான் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

அடுத்த முறை வாங்கும்போது பின்பக்கத்து யோக்கைப் பாருங்கள். பட்டிக்குக் கீழே ஆங்கில 'வி' எழுத்தைப் போல இறங்கும் துண்டு அது. புடவை ரவிக்கையில் டாட் செய்யும் வேலையை ஜீன்ஸில் யோக் செய்கிறது. 'வி' ஆழமாக இருந்தால் உங்களைப் போல இடுப்பு சிறுத்துப் பின்புறம் அகன்றவர்களுக்கு நன்றாக உட்காரும், நேர்கோடாக இருந்தால் பின்பட்டி எழும்பி நிற்கும். பட்டனைப் போட்டு மேசை மேல் விரித்து வைக்கும்போது பட்டி லேசாக வளைந்து கிடந்தால் வாங்கலாம். அளவுகோல் போல நேராகக் கிடந்தால் அதே நான்கு விரல் கதைதான்.

தெருவோரக்குட்டை எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் இடுப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் 4 அடி 11 அங்குலம். நீளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஆல்டரேஷனுக்குக் கொடுக்கும் முன் ஜீன்ஸை இரண்டு முறையாவது துவைத்துக் காயவையுங்கள். சுருக்கம் நீக்கிப் பதப்படுத்திய டெனிமே துவைத்தபின் 3 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். 30 அங்குல உள்கால் நீளத்தில் அது ஏறத்தாழ ஓர் அங்குலம். நான் வாங்கிய அன்றே வெட்டித் தைத்துவிட்டு, இரண்டாவது துவைப்புக்குப் பின் கணுக்காலுக்கு மேலே நிற்கும் பேண்ட்டோடு ஓர் ஆண்டு திரிந்தவள். நீளத்தை அளக்கப் போகும்போது வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறுங்காலில் நின்று அளந்தால் அரை அங்குலம் தப்பும்.

அடி மடிப்பை அப்படியே வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மடித்து அடித்தால் கீழே மட்டும் புதுத்துணி போலத் தனியாகத் தெரியும். பழைய மடிப்பை வெட்டாமல், அதற்கு மேலே தேவையான அளவு துணியை உள்ளே மடக்கி, மடிப்பின் விளிம்பை ஒட்டியே தைத்து, மிச்சத்தை உள்பக்கம் வெட்டி ஓவர்லாக் அடிக்கச் சொல்லுங்கள். 'பழைய மடிப்பு அப்படியே இருக்க வேண்டும்' என்று சொன்னாலே பெரும்பாலான தையற்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

பூட்கட் பக்கம் போகாதீர்கள். அதில் முழங்காலுக்குக் கீழேதான் விரிவு தொடங்கும். அந்த முழங்கால், நம்மைவிட ஐந்தாறு அங்குலம் உயரமான பெண்ணுக்காக வைத்தது. நமக்கு அது கெண்டைக்காலில் வந்து நிற்கும், கீழே வெட்டினால் விரிவும் வெட்டோடு போய்விடும். ஸ்ட்ரெயிட் கட்டில் எங்கே வெட்டினாலும் வடிவம் கெடாது.

பருத்திக்காடு எழுதியது:

மூன்றாவது ஜீன்ஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதன் உள்பக்கத் துணிச்சீட்டைப் பார்த்தால் இழுபடும் இழையான எலாஸ்டேன் 4 அல்லது 5 விழுக்காடு என்று இருக்கும் என நினைக்கிறேன். டெனிமில் 1 முதல் 2 விழுக்காடு போதும். உட்கார்ந்து எழ அந்தச் சிறு இழுவையே தாராளம். அதற்கு மேல் போனால் கடையின் துணி மாற்றும் அறையில் மட்டும்தான் அழகு, ஏனென்றால் இழுபட்ட துணி பழைய நிலைக்குத் திரும்பும் வலு குறைந்து, முழங்காலில் நீங்கள் சொன்ன குமிழ்கள் வருகின்றன. வெந்நீரில் ஊறவைப்பதும் சூடான இஸ்திரியும் அந்த இழையை இன்னும் சீக்கிரம் கொன்றுவிடும். குளிர்ந்த நீரில், உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குத் துணியின் கனமும் முக்கியம். டெனிமை ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று எடைபோடுவார்கள். 13, 14 அவுன்ஸ் துணியை மதுரையின் மே மாதத்தில் போட்டுக்கொண்டு 11 கிலோமீட்டர் ஓட்டினால் தொடையில் வேர்க்குரு நிச்சயம். 9 அல்லது 10 அவுன்ஸ் துணி காற்றையும் விடும், வடிவத்தையும் காக்கும். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. தொடைப்பகுதியை விரல்களுக்கிடையே மடித்துப் பாருங்கள்: மெல்லிய அட்டை போல விறைத்து நின்றால் கனம், கைக்குட்டை போலத் துவண்டு விழுந்தால் மிக மெல்லிசு, இரண்டுக்கும் நடுவில் இருப்பது நமக்கு.

ஊசிக்காது அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்றில் எனக்குத் தனிக்கருத்து உண்டு. இப்படிப்பட்ட உடல்வாகுக்கு எல்லாரும் ஹை வெயிஸ்ட்டைத்தான் சொல்வார்கள். அது ஒன்றும் புதிய மோஸ்தர் இல்லை. லீவைஸ் நிறுவனம் 1934-இல் பெண்களுக்கென்று வெளியிட்ட முதல் ஜீன்ஸான லாட் 701-உம் உயர்ந்த இடுப்புடையதுதான். ஆனால் 5 அடி 1 அங்குல உயரத்துக்கு, கவட்டுத் தையலிலிருந்து பட்டியின் மேல்விளிம்பு வரை 11 அங்குலம் உள்ள ஜீன்ஸ் கிட்டத்தட்ட விலா எலும்புக்கு வந்துவிடும், ஸ்கூட்டரில் குனிந்து உட்காரும்போது பட்டன் வயிற்றைக் குத்தும். முன்பக்கம் 9 முதல் 10 அங்குலம் இருக்கட்டும். அதைவிட முக்கியமானது பின்பக்க உயரம்: அது முன்பக்கத்தைவிட 4 அங்குலமாவது கூடுதலாக இருந்தால்தான் உட்காரும்போது பட்டி கீழே இழுபடாது. வாங்கும் முன் துணி மாற்றும் அறையில் ஒரு முக்காலியாவது கேட்டு வாங்கி, ஸ்கூட்டரில் உட்காருவது போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். நின்றபடியே கண்ணாடியைப் பார்த்து வாங்கும் ஜீன்ஸ் நிற்பதற்கு மட்டும்தான் பொருந்தும்.

மதுரைமல்லி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. துணிச்சீட்டைப் பார்த்தேன், மூன்றாவதில் எலாஸ்டேன் சரியாக 5 விழுக்காடு. 32-ஐ இரண்டாவது முறையாகத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: என்னிடம் இருப்பவை எல்லாம் முழங்கால் வரை நீண்ட, இருபுறமும் பிளவு வைத்த குர்திகள். அவற்றையே ஜீன்ஸுக்கும் போடலாமா? அலுவலகத்தில் கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஆனால் கிழிசல் வைத்ததைப் போட்டுக்கொண்டு போக எனக்கே மனமில்லை.

ஊசிக்காது எழுதியது:

போடலாம், ஆனால் குர்தியின் நீளத்தைக் கவனியுங்கள். மேலாடை எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்ப்பவரின் கண் போய் நிற்கும். பின்புறத்தின் மிக அகன்ற இடத்தில், அதாவது உங்கள் 42 அங்குலத்தில், ஒரு குர்தி முடிந்தால் அந்த அகலத்துக்கு நீங்களே கோடு போட்டுக் காட்டியதாகிவிடும். அதற்கு மூன்று விரற்கடை மேலே முடியட்டும், அல்லது தொடையின் நடுவுக்குக் கீழே இறங்கட்டும். முழங்கால் வரை உள்ளவற்றில் பிளவு இடுப்பு வரை ஏறியிருந்தால் ஸ்ட்ரெயிட் கட்டோடு நன்றாகவே இருக்கும். பிளவு தாழ்வாக இருந்தால் ஸ்கூட்டரில் உட்காரும்போது குர்தியே தடுக்கும். இரண்டு மூன்று பழைய குர்திகளை 26 அங்குல நீளத்துக்கு வெட்டி மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள், அதுவே புதுத்துணிக்குச் சமம்.

அலுவலகத்துக்குத் தொடையில் வெளிறல் இல்லாத, சீரான அடர்நீலம் போதும். ஆனால் முதல் நான்கைந்து துவைப்புகள் வரை அதன் மேல் வெள்ளைக் குர்தியோ வெளிர்நிறக் கைப்பையோ வேண்டாம். ஜீன்ஸுக்கு நீலம் தரும் அவுரிச்சாயம் நூலின் நடுப்பகுதி வரை ஊறுவதில்லை, மேற்பரப்பில்தான் படிந்திருக்கும். ஆகவே உரசும் இடத்திலெல்லாம் ஒட்டும், ஸ்கூட்டரின் வெளிர்நிற இருக்கையையும் விடாது.

ஜீன்ஸ் தையற்காரரிடம் போகிறதென்றால் முன்பாக்கெட்டையும் சேர்த்துக் கொடுங்கள். 2018-இல் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் அமெரிக்காவில் விற்கும் ஜீன்ஸ்களை அளந்து பார்த்ததில், பெண்களின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 விழுக்காடு ஆழம் குறைவாக இருந்தது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பையின் அடியைப் பிரித்து மூன்று அங்குலம் காடாத்துணி கூட்டித் தைத்தால் கைப்பேசி முழுவதும் உள்ளே போகும். நான் அதற்கு 60 ரூபாய் வாங்குகிறேன்.

மதுரைமல்லி எழுதியது:

அந்த 32-ஐ நேற்று தையற்காரரிடமிருந்து வாங்கி வந்தேன். நடுவில் ஒன்றரை அங்குலம் பிடித்து, டாட் போடாமலே முடித்துவிட்டார். பின்பட்டியில் இப்போது ஒரு விரல்தான் நுழைகிறது. தட்டினாரா என்று கேட்டீர்களானால், தட்டினார். சுத்தியல் இல்லை, கத்தரிக்கோலின் பிடியால். பாக்கெட்டில் கைப்பேசி முழுதாக உள்ளே போகிறது. நடு லூப்பை மட்டும் தையலுக்கு நேராக வைக்காமல் இடப்பக்கம் அரை அங்குலம் தள்ளித் தைத்துவிட்டார். குர்தி மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது என்கிறார். எனக்குத் தெரிகிறது, நாளை மாலை திரும்பக் கொண்டுபோகிறேன்.