ப்ளேஸ்மென்ட்டில் சந்தித்த ஒரு பிள்ளை: உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

சிட்னியிலிருந்து:

வணக்கம். முன்பள்ளி ஆசிரியப் பட்டம் படிக்கிற எங்கட ஆக்கள் இங்க நிறையப் பேர் இருக்கிறீங்கள். செர்ட் த்ரீ என்ற தொடக்கச் சான்றிதழ், பிறகு டிப்ளோமா, பிறகு சென்டரில் (பிள்ளைகள் காப்பகத்தில்) வேலை செய்துகொண்டே பட்டம் என்று படி படியாக ஏறி வந்தவைதான் கூட. நானும் அப்படித்தான். எந்த யூனிவர்சிட்டி, எவ்வளவு காசு என்று கன தரம் கதைச்சிட்டம். இந்த முறை வேற ஒன்று கேட்கிறன். படிக்கிற காலத்தில் உங்களை மாத்தின ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுங்கோ. பிள்ளையின்ர பெயர், சென்டரின்ர பெயர், படம் ஒன்றும் வேண்டாம்.

முதலில் என்ர கதை.

ஊரில் ஐந்து வருசம் முன்பள்ளியில் படிப்பிச்சனான். விஜயதசமிக்கு ஏடு தொடக்க வாற பிள்ளையின்ர விரலைப் பிடிச்சு அரிசியில் 'அ' எழுதுவிச்ச கை இது. பிள்ளையின்ர கையைப் பிடிச்சுச் செய்விக்கிறதுதான் படிப்பிக்கிறது என்று நம்பியிருந்தனான்.

பட்டத்தின் இரண்டாம் வருசம் ப்ளேஸ்மென்ட்டுக்கு, அதாவது சென்டரில் நின்று செய்யிற பயிற்சிக்கு, என்னை இரண்டு வயதுப் பிள்ளைகளின்ர ரூமுக்கு அனுப்பினவை. நியூ சவுத் வேல்ஸில் அந்த வயதுக்கு ஐந்து பிள்ளைக்கு ஒரு ஆள் நிற்க வேணும். 15 பிள்ளைகள், மூன்று டீச்சர், அதுக்கு மேல மாணவியாக நான். அந்த ரூமில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தவர். 2 வயதும் 10 மாதமும். ஓடுவார், ஏறுவார், புத்தகம் கொண்டுவந்து மடியில் இருப்பார். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் மட்டும் கையை மடியில் வைச்சுக்கொண்டு சும்மா இருப்பார். அவரின்ர ஃபைலில் 'கரண்டியால் தானாகச் சாப்பிடுதல்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

முதல் நாள் என்ர கை தானாகவே போனது. மக்கரோனியைக் கொஞ்சம் நசிச்சு ஊட்டிவிடுவம் என்று கிட்டப் போக, எனக்கு வழிகாட்டின மென்டர் டீச்சர் என்ர முழங்கையைத் தொட்டு "பொறு" என்றா. "நீ ஊட்டினால் அவர் சாப்பிடுவார். ஏன் சாப்பிடேல்லை என்று எங்களுக்குத் தெரியாமல் போயிடும். ஒரு கிழமை பார், பார்த்து எழுது."

அன்றைக்கு நான் எழுதினது: 'சாப்பாட்டில் விருப்பமில்லை. அடம் பிடிக்கிறார். உதவி தேவை.' மென்டர் பென்சிலால் மூன்றையும் வட்டம் போட்டா. "விருப்பமில்லை என்று அவர் சொன்னவரா? அடத்தை எங்க கண்டனி? கண்ணால் கண்டதை மட்டும் எழுது."

யூனிவர்சிட்டியில் இதையே ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சு, அசைன்மென்ட்டுக்கு நல்ல புள்ளியும் எடுத்தனான். ஆனால் அந்தப் பென்சில் வட்டத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கினது.

அடுத்த நாள் இப்படி எழுதினனான்: '12.05. தட்டைப் பார்த்தார். கரண்டியை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். வலது கையை மேசைக்கு மேல் கொண்டுவந்தார். டீச்சரைப் பார்த்தார். கையை மடிக்குக் கொண்டுபோனார்.' மூன்றாம் நாளும் அதே. கை மேலே வரும், எங்களைப் பார்ப்பார், கை கீழே போகும். நாங்கள் உடனே "யூஸ் யுவர் ஸ்பூன்" என்போம். நாங்கள் என்கிறதில் நானும் சேர்த்தி. மூன்று நாளும் நானும் அதைத்தான் சொன்னனான்.

வியாழக்கிழமை பின்னேரம் தாயோட கதைச்சனான். ஊரில் இருந்து அம்மம்மா வந்து ஆறு மாதம் நின்றவவாம். அம்மம்மாவின்ர கோப்பையிலேயே கைவைச்சுச் சோறு சாப்பிட்டுப் பழகினவராம். அவ திரும்பிப் போய் மூன்று கிழமை.

வெள்ளிக்கிழமை சென்டரில் சோறும் பருப்பும். மென்டரிட்ட கேட்டிட்டுக் கையைக் கழுவி, அவருக்குப் பக்கத்தில் இருந்து நான் கையால் சாப்பிடத் தொடங்கினன். ஒன்றும் சொல்லேல்லை. அவர் என்ர கையைப் பார்த்தார். என்ர முகத்தைப் பார்த்தார். பிறகு நாலு விரலையும் கூட்டிச் சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, பருப்போட சேர்த்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளினார். ஒன்பது நிமிசம். மேசையில் ஒரு பருக்கை விழேல்லை. முடிச்சு, சின்ன விரலில் ஒட்டியிருந்ததையும் நக்கினார்.

ஐந்து விரலும் எப்படி ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ததென்று ஒரு பக்கம் எழுதினனான். நாளைக்கு பென்சில் பிடிக்கப் போறதும் அதே விரல்கள்தானே. இங்கத்தைய ஆரம்பப் பருவக் கல்விச் சட்டகம் 2009இல் வந்தது, 2022இல் திருத்தினவை. அதில் ஐந்து விளைவுகள். முதலாவதே பிள்ளைக்குத் தன்னுடைய அடையாளத்தில் உறுதி இருக்க வேணும் என்கிறது. அதுக்குக் கீழதான் அந்தப் பக்கத்தை இணைச்சனான். அடுத்த திங்கள் ரூம் லீடர் ஃபோர்மில் 'கரண்டியால்' என்ற சொல்லை எடுத்துவிட்டா. எல்லாப் பிள்ளைக்கும்.

அந்த ரூமில் நின்ற பெரியாக்களில் கையால் சாப்பிட்டு வளர்ந்த ஒரே ஆள் நான். எனக்கே காண நாலு நாள் எடுத்தது. அது இன்னும் மனதுக்குள்ள கிடக்கு.

ஆக்லாந்திலிருந்து:

அக்கா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். அந்தச் சின்ன விரல்ல வந்ததும் நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் நியூசிலாந்துல படிக்கிறேன். இங்க இந்தப் பட்டம் மூணு வருஷம், எனக்கு இது கடைசி வருஷம். சொந்த ஊர் பத்தமடை.

முதல் வாரமே எங்களை 'பெபெஹா' சொல்லச் சொன்னாங்க. இங்கத்த பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்களை அறிமுகம் பண்ணிக்கிற முறை அது. மலையைச் சொல்லணும், ஆற்றைச் சொல்லணும், முன்னோரைச் சொல்லணும், பேரு கடைசியிலதான். வெளியிலேருந்து வந்தவங்க இங்க இருக்கிற மலையை என் மலைன்னு சொல்லக்கூடாது, உங்க ஊரைச் சொல்லுங்கன்னு லெக்சரர் சொல்லியிருந்தாங்க. நான் எழுந்து நின்னு, என் மலை பொதிகை, என் ஆறு தாமிரபரணின்னு சொன்னேன். பேருக்கு வர்றதுக்குள்ள தொண்டை அடைச்சிருச்சு. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம், உன் ஆறு எதுன்னு யாரும் கேட்டதில்லை.

இங்கத்த பாடத்திட்டத்துக்குப் பேரு 'தே ஃபாரிகி'. 1996ல வந்தது, 2017ல திருத்தினாங்க. ஃபாரிகின்னா பாய். நாலு கோட்பாடும் அஞ்சு இழையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி வர்ற பாய், அதுமேல எல்லாரும் நிக்க இடம் இருக்குங்கிறதுதான் கருத்து. கூடப் படிச்சவங்களுக்கு அது ஒரு உவமை. எனக்கு எங்க தெருவு. ஆத்தங்கரைக் கோரையை ஊறவச்சு, நுணுக்கமாக் கீறி, பருத்திப் பாவுல ஒவ்வொண்ணாக் கோத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. பள்ளிக்கூடம் போகும்போது பார்த்த பாய் சாயங்காலம் ரெண்டு விரற்கடைதான் வளர்ந்திருக்கும். பிள்ளை வளர்ப்பைப் பாய்ன்னு சொன்னவங்களை நான் உடனே நம்பிட்டேன்.

எனக்கு வாய்ச்ச பிள்ளை ஒரு பொண்ணு, நாலு வயசு. வீட்ல தமிழ் மட்டும். சென்டருக்கு வந்து ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேசலை. டீச்சர்கள் யாரும் அவளை அவசரப்படுத்தலை. புது மொழிக்குள்ள வர்ற பிள்ளை இப்படி மௌனமா இருக்கிறது சகஜம், அந்த நேரத்துல கேட்டுக்கிட்டே இருக்கும்னு எங்களுக்கும் பாடத்துல உண்டு. நான் அவகிட்டத் தமிழ்ல பேசுவேன். தலையாட்டுவா, அவ்வளவுதான்.

ஒருநாள் பாய் பின்னுறதுக்காக முற்றத்துல ஹரகேகே வெட்டப் போனோம். தாழை மாதிரி நீள நீளமா இலை. வெட்டுறதுக்கு முறை இருக்கு. நடுவுல இருக்கிற குருத்து பிள்ளை. ரெண்டு பக்கமும் அதை அணைச்சு நிக்கிறது அம்மா அப்பா. அந்த மூணையும் தொடக்கூடாது. வெளியில இருக்கிற தாத்தா பாட்டி இலையைத்தான் எடுக்கணும். மழை பெய்யும்போது வெட்டக்கூடாது. மென்டர் இதையெல்லாம் சொல்லிட்டுக் கத்தியை எடுத்தாங்க. இந்தப் பொண்ணு நடந்து போயி, ரெண்டு கையாலயும் குருத்தைப் பொத்திக்கிட்டு, "பாப்பா. வெட்டாதீங்க"ன்னா.

தமிழ்ல. அங்க இருந்தவங்கள்ல அது எனக்கு மட்டும்தான் புரியும்.

நான் மென்டர்கிட்டச் சொன்னேன். அவங்க கத்தியைக் கீழ வச்சிட்டு, அவ முன்னாடி முழங்கால் போட்டு உட்கார்ந்து, "பாப்பா"ன்னு திருப்பிச் சொன்னாங்க. அவ அவங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மத்த பிள்ளைங்களும் குருத்தைக் காட்டிக் காட்டி பாப்பா, பாப்பான்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.

இங்க 'கற்றல் கதை' எழுதுவோம். மார்க்கரெட் கார் கொண்டு வந்த முறை. பிள்ளைக்கு என்ன வரலைன்னு கட்டம் போட்டு டிக் அடிக்கிறதுக்குப் பதிலா, என்ன செஞ்சதுன்னு கதையாச் சொல்றது. பிள்ளைக்கே எழுதுற கடிதம் மாதிரியும் எழுதலாம். அவளுக்கு நான் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதினேன். 'இன்னைக்கு நீ குருத்தைக் காப்பாத்தினே'ன்னு ஆரம்பிச்சேன். வீட்ல பாட்டி அதை வாசிச்சுக் காட்டினாங்களாம். மறுநாள் அவளே கையைப் பிடிச்சு அந்தப் புதருக்கு என்னைக் கூட்டிட்டுப் போனா.

இன்னொண்ணும் சொல்லணும். மாவோரி மொழி அழிஞ்சிடுமோங்கிற பயத்துல 1982ல 'கோஹங்க ரேயோ' தொடங்கினாங்க. மொழிக்கூடுன்னு அர்த்தம். பாட்டிமாரும் தாத்தாமாரும் குழந்தைங்களோட உட்கார்ந்து மாவோரியில மட்டுமே பேசுவாங்க. அதைப் பத்தி ஒரு அசைன்மென்ட் எழுதிட்டு நல்லா வந்திருக்கேங்கிற நினைப்போட வீட்டுக்கு வந்தேன். என் பையனுக்கு எட்டு வயசு. சாப்பிட்டியாடான்னு கேட்டேன். "யெஸ் மம்"னான். நான் அவனுக்குக் கூடு கட்டவே இல்லை. வேலை, படிப்பு, அசதின்னு எதுவும் காரணம் சொல்லத் தோணலை. இப்போ தினம் ராத்திரி அரைமணி நேரம், தமிழ் மட்டும். முதல் வாரம் அழுதான். இப்போ கதை கேக்கிறான்.

மெல்பர்னிலிருந்து:

நான் எழுதலாமான்னு நாலு நாளா யோசிச்சேன். எங்க வகுப்புல ஆண்கள் ரெண்டே பேர். நான் ஒருத்தன். ஊர் மதுரை.

ஒரு பையனோட அப்பா, என் மகனுக்கு ஆண்கள் நாப்பி (டயப்பர்) மாத்தக்கூடாதுன்னு சென்டர்ல எழுதிக் கொடுத்தார். 2025ல இங்க குழந்தைகள் காப்பகங்கள்ல நடந்த கொடுமையெல்லாம் செய்தியில வந்துக்கிட்டிருந்த நேரம். ரூம் லீடர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அன்னைக்கு டிராம்ல வரும்போது படிப்பை விட்டுடலாம்னுதான் இருந்தது.

ராத்திரி என் மகள் தூங்குறதைப் பார்த்தேன். நானா இருந்தாலும் பயந்திருப்பேன். அந்த அப்பா மேல எனக்கு இப்போ கோபம் இல்லை. போனை வெளியிலேயே வச்சிட்டு வர்றது, கதவைத் திறந்தே வைக்கிறது, இன்னொருத்தர் கண்ணுக்குப் படுற இடத்துல நிக்கிறது இதெல்லாம் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு. எனக்கும்தான்.

அந்தப் பையன் மத்தியானம் லேசுல தூங்க மாட்டான். எங்க அப்பத்தா எனக்குத் தட்டின மாதிரி முதுகுல ரெண்டு மெதுவா, ஒண்ணு அழுத்தி, திரும்ப ரெண்டு மெதுவான்னு தட்டினேன். நாலாவது நிமிஷம் தூங்கிட்டான். அதுலேருந்து தலையணையைத் தூக்கிக்கிட்டு என் பக்கத்துல வந்து படுத்துக்குவான். நானும் தட்டிட்டு, மூச்சையும் முகத்து நிறத்தையும் பார்த்து சார்ட்ல எழுதுவேன். ப்ளேஸ்மென்ட் முடியிற வரைக்கும் அவனுக்கு நான் நாப்பி மாத்தலை. அந்தக் கடிதம் ஃபைல்ல அப்படியேதான் இருந்தது. தினமும் அவன் தூங்கினான்.

பிரிஸ்பேனிலிருந்து:

வாசிச்சு அழுதிட்டன். டிப்ளோமா முடிச்சு சென்டரில் வேலை செய்யிறன், வயது 41. அடுத்த வருசம் பட்டத்துக்குப் போகலாமோ? சம்பளமில்லாமல் ப்ளேஸ்மென்ட் செய்யிறதை நினைச்சால்தான் பயம்.

சிட்னியிலிருந்து:

தங்கச்சி, போங்கோ. நான் தொடங்கேக்க எனக்கு 43.

மெல்பர்ன் தம்பி, நீங்கள் எழுதினது நல்லம். விடாமல் முடியுங்கோ.

காசுக் கதைக்கு வாறன். இளங்கலைப் பட்டத்துக்கு மொத்தம் 80 நாளாவது ப்ளேஸ்மென்ட் செய்ய வேணும். ஒரேயடியாக இல்லை, வருசம் வருசமாகப் பிரிச்சு வரும். 2025 ஜூலையில் இருந்து ஆசிரியப் படிப்பு, தாதியர் படிப்புக்காரருக்கு ப்ளேஸ்மென்ட் காலத்தில் அரசாங்கம் கிழமைக்கு 300 டாலருக்குக் கொஞ்சம் மேலே குடுக்குது. வருமானம் பார்த்துத்தான் குடுப்பினம், விண்ணப்பிச்சுப் பாருங்கோ. டிப்ளோமாவுக்குப் பாடங்கள் கழிச்சுத் தருவினம். எத்தனை என்று சேர முதலே எழுத்தில் வாங்குங்கோ. நான் வாய்ச்சொல்லை நம்பி இரண்டு பாடம் திரும்பப் படிச்சனான்.

என்னைப்போல 12 வயது வரைக்கும் படிப்பிக்கிற பட்டம் எடுக்கிறதென்றால் லான்டைட் என்று ஆசிரியப் படிப்புக்காரருக்கான சோதனை இருக்கு. ஒன்று வாசிப்பு எழுத்து, மற்றது கணக்கு. கணக்கில் ஒரு பகுதிக்கு கால்குலேட்டர் இல்லை. வாய்ப்பாடு இப்பவே தூசி தட்டுங்கோ, வீதக் கணக்கும்.

ப்ளேஸ்மென்ட் முதல் நாளுக்கு மாற்றுடுப்பு ஒன்று கொண்டுபோங்கோ. கொப்பி ஒன்று, சட்டைப் பைக்குள்ள கொள்ளுற அளவில். அகலத் தொப்பியை மறந்திடாதேங்கோ, தொப்பி இல்லாட்டிப் பிள்ளைகளே உங்களை வெளியால விடமாட்டினம்.