கரிசல் மண் வாசலுக்கு பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா?

கரிசல்வீடு:
அருப்புக்கோட்டைப் பக்கம் வீடு. முன்வாசல் 20-க்கு 30 அடி, சுத்தக் கரிசல். மூன்று வருஷத்துக்கு முன் போட்ட பேவர் பிளாக், கார் சக்கரம் ஓடும் இரண்டு தடத்திலும் அமுங்கிவிட்டது. மழை பெய்தால் அந்தத் தடத்தில் தண்ணீர் கட்டி நிற்கிறது. ஓரத்துக் கற்கள் வெளியே தள்ளிக்கொண்டு போகின்றன. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு கான்கிரீட் போடலாமா, 80 எம்எம் கனமுள்ள கல்லாக மாற்றினால் போதுமா?

தளக்கொத்தன்:
கான்கிரீட்டே போடுங்கள் அண்ணாச்சி. பேவர் தனித்தனிக் கல். கரிசல் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். 5 அங்குலக் கான்கிரீட், உள்ளே கம்பி வலை, ஒழுங்காகத் தண்ணீர் கட்டினால் ஒரே தட்டாக நிற்கும். இடுக்கில் புல் முளைக்கிற தொல்லையும் இல்லை.

ஈரமண்:
தயவுசெய்து வேண்டாம். 600 சதுர அடியை மூடினால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 550 லிட்டர் தண்ணீர் தெருவுக்குப் போய்விடும். கோடையில் போர் வற்றுகிற ஊர் இது. இடைவெளி விட்டுக் கல் பதித்து, கீழே வெறும் ஜல்லி நிரப்புங்கள். தண்ணீர் நிலத்துக்குள் இறங்கட்டும்.

ரோட்டுவேலை:
முதலில் கல்லைக் குற்றம் சொல்வதை விடுவோம். வீட்டுக் காருக்கு 60 எம்எம் கல் தாராளம். உங்கள் கல் உடையவில்லை, அமுங்கித்தான் இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு கீழே.

சக்கரத் தடத்தில் நாலு கல்லை நெம்பி எடுத்துப் பாருங்கள். அடியில் மணல் 30 எம்எம் அளவில் சீராக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு அங்குலம், பக்கத்திலேயே மூன்று அங்குலம் என்றிருந்தால், அடித்தளத்தைச் சமப்படுத்தாமல் மணலைக் கொட்டியே மட்டம் பார்த்திருக்கிறார்கள். மணல் கனமாகக் கிடக்கும் இடம்தான் முதலில் இறங்கும். மணலுக்குக் கீழே நேராகக் கறுப்பு மண் தெரிந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

ஈரமண் சொல்வது செம்மண்ணுக்கும் மணற்பாங்கான இடத்துக்கும் சரி. கரிசலில் தண்ணீர் லேசில் இறங்காது. அதில் குழி வெட்டி வெறும் ஜல்லி நிரப்பினால், அடியில் தொட்டி மாதிரி தேங்கும். கரிசல் அதைக் குடித்து உப்பும், பங்குனியில் வெடித்துச் சுருங்கும். அதையும் வீட்டுக் கடைக்காலை ஒட்டிச் செய்வது ஆபத்து.

என் யோசனை இது. ஒன்றரை அடி கரிசலை வெட்டி எடுங்கள். ஒரு அடிக்குக் கிராவல் மண்ணை இரண்டு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சின்ன ரோலர் விட்டு இறுக்குங்கள். மேலே 6 அங்குலம் வெட்மிக்ஸ், அதாவது தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை. பெரிய ஜல்லியிலிருந்து தூசி வரை கலந்திருப்பதால் மணல் அதற்குள் நழுவாது. சுற்றிலும் ஓரத்தைப் பிடித்து நிறுத்த, கான்கிரீட்டில் பதித்த கெர்ப் கல். அது இல்லாததால்தான் உங்கள் ஓரக் கற்கள் நகர்கின்றன.

தளக்கொத்தன்:
இதே அடித்தளத்தைக் கான்கிரீட்டுக்குக் கொடுத்தால் அதுவும்தானே நிற்கும்? பேவருக்கு ஒன்றரை அடி வேலை, கான்கிரீட்டுக்கு வெறும் மண் என்று வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. 10 அடிக்கு ஒரு வெட்டு விட்டால் விரிசலும் அந்தக் கோட்டிலேயே அடங்கிவிடும்.

ரோட்டுவேலை:
நியாயமான பேச்சு. ஆனாலும் நான் பேவர் பக்கம்தான். நாளைக்கு அடியில் குழாய் உடைந்தால் கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதையே திரும்பப் பதிக்கலாம். கான்கிரீட்டில் ஒட்டுப்போட்டால் அடுத்த மழைத் தண்ணீர் அந்த ஒட்டு வழியாகவே இறங்கும்.

எதைப் போட்டாலும் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, முக்கியம். பாரத்தைச் சுமப்பது அடிமண்தான், அதை நனையவிடாமல் காப்பாற்றுங்கள் என்று 200 வருஷத்துக்கு முன்பே பிரிட்டனில் சாலை போட்ட மெக்காடம் சொன்னார். அதே காலத்துப் பொறியாளர் டெல்ஃபோர்டு அடியில் பெரிய கற்களை அடுக்கியே சாலை போட்டார். முறை வேறாக இருந்தாலும், தண்ணீரை வெளியேற்றுவதில் இருவருமே கறாராக இருந்தார்கள். 50 அடிக்கு ஒரு அடி வாட்டம் வையுங்கள்.

கரிசல்வீடு:
அப்படியானால் 30 அடிக்கு 7 அங்குலம் இறங்குமே. சாயங்காலம் அம்மா அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

ரோட்டுவேலை:
நீளவாக்கில் வேண்டாம். 20 அடி அகலத்தில் நடுவை மேடாக்கி இரண்டு பக்கமும் சரித்துவிடுங்கள். 10 அடிக்கு இரண்டரை அங்குலம்கூட வராது. இரு ஓரத்திலும் வாய்க்கால்.

ஈரமண்:
வாய்க்கால் சரி, அதைத் தெருவில் விடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். வீட்டைவிட்டுத் தள்ளி, கரிசலைத் தாண்டிச் சரளை தட்டும் வரை குழி எடுத்து அதில் விடுங்கள். மொட்டைமாடித் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தளக்கொத்தன்:
குழி விஷயத்தில் ஈரமண் சொல்வதே சரி. என் ஓட்டு இன்னும் கான்கிரீட்டுக்குத்தான். அண்ணாச்சி பேவரே போடுவதானால், வெட்மிக்ஸ் இறுக்கிய அன்றே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேயே கிளறி, வெட்மிக்ஸ் சேர்த்து, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். கல் பதித்த பிறகு சொன்னால் மணலைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.