பேட் சம்மிட்டை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

புதுரசிகை: அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணி என்றாலே அதன் முன்னாள் பயிற்சியாளர் பேட் சம்மிட் பேச்சுதான். கோப்பைகள்தான் காரணமா?

பழைய பாயிண்ட் கார்டு: கோப்பை 8, வெற்றி 1098. சரி, அதை விடுங்கள். 1974-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 22, மாதச் சம்பளம் 250 டாலர். வேன் ஓட்டியதும் அவர்தான், சீருடை துவைத்ததும் அவர்தான். பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) கோப்பையே 1982-இல்தான் வந்தது. என்னைக் கேட்டால் 1997-98 அணிதான் உச்சம்: 39 ஆட்டம், 39 வெற்றி. சமீக்கா ஹோல்ட்ஸ்கிளா, டமிக்கா கேட்சிங்ஸ் என்ற இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களும் ஒரே அணியில்! எதிரணிகள் பாவம்.

புதுரசிகை: ரொம்பக் கண்டிப்பாமே?

பழைய பாயிண்ட் கார்டு: அந்த முறைப்பு ஊரறிந்தது. வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது, முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். அவரிடம் கல்லூரி ஆட்டக்காலம் முழுதும் ஆடிய அத்தனை பேரும் படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் வாங்கினார்கள். எனக்குக் கோப்பைகளைவிட இதுதான் பெரிது.

கடைசி பெஞ்ச்: 2011-இல் தனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்த பிறகும் அவர் இன்னொரு பருவம் பயிற்சியளித்தார். அப்புறம் பொறுப்பு அவருடைய முன்னாள் ஆட்டக்காரரான ஹோலி வார்லிக்கிடம் போனது.