டஸ்கீகி சிப்பாய் சிலை: காலை அறுத்தது சரியா? (2021 ஜூலை)

மருதன்: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்று சின்ன ஊர். பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் கறுப்பினத்தவர். ஊர் நடுவே சிலையாக நிற்பதோ, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் சிப்பாய். இந்த மாதம் நகர்மன்ற உறுப்பினர் ஜானி ஃபோர்டு ரம்பத்தால் அதன் காலை அறுக்க ஆரம்பித்தார். ஷெரீப் வந்து நிறுத்திவிட்டார். பாவம், முடித்திருக்கலாம்.

கோமதிநாயகம்: தம்பி, ரம்பம் எடுப்பது ரவுடித்தனம். இது தளபதி சிலைகூட இல்லை, செத்துப்போன சாதாரணச் சிப்பாய்க்கு வைத்தது. ஃபோர்டு 1972-லேயே மேயராக ஜெயித்தவர். அப்போதெல்லாம் என்ன செய்தாராம்?

மருதன்: இடம் ஊருடையதாக இருந்தால்தானே செய்ய? 1906-ல் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அந்தச் சதுக்கத்தையே 'கூட்டமைப்பின் புதல்விகள்' என்ற, அந்தச் சிப்பாய்களின் வாரிசுப் பெண்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது, வெள்ளையருக்கான பூங்கா என்று. போர் முடிந்து 41 வருஷம் கழித்து! துக்கம் கேட்க இவ்வளவு தாமதமாகவா வருவார்கள்? அப்புறம் 1957-ல் சதுரமாக இருந்த ஊரின் எல்லையை 28 பக்கமாக வெட்டினார்கள். சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர்தான் உள்ளே மிஞ்சினார்கள். ஊரையே அறுத்தவர்களை நீங்கள் ரவுடி என்று சொல்லவில்லையே சார்.

செல்வி_கா: நானும் சிலை இருக்கட்டும் என்பேன், ஆனால் காரணம் வேறு. 1966 ஜனவரியில் சாமி யங் என்ற 21 வயது மாணவர், பெட்ரோல் பங்கில் வெள்ளையருக்கான கழிப்பறைக்குப் போக முயன்றதால் சுட்டுக் கொல்லப்பட்டார். முழுக்க வெள்ளையர் அடங்கிய ஜூரி டிசம்பரில் கொலையாளியை விடுதலை செய்தது. ஆத்திரத்தோடு சதுக்கத்துக்குப் போனவர்கள் சிப்பாயின் முகத்துக்குக் கறுப்பு அடித்தார்கள், முதுகில் மஞ்சள் கோடு போட்டார்கள். அங்கே மஞ்சள் முதுகு என்றால் கோழை. சிலையை எடுத்துவிட்டால் அந்தக் கோபத்தை எதைக் காட்டிச் சொல்வது?

மருதன்: யங்குக்கு ஒரு கல் நட்டால் போதாதா? அவரை நினைக்க இந்தச் சிப்பாய் எதற்கு?

செல்வி_கா: சரி, நடலாம். யாரிடம் அனுமதி கேட்பீர்கள்? அதே சங்கத்திடமா?

கோமதிநாயகம்: அதற்குத்தான் கோர்ட் இருக்கிறது. 40 வருஷம் தாண்டிய நினைவுச்சின்னத்தை அகற்றினால் 25,000 டாலர் அபராதம் என்று 2017 சட்டம் சொல்கிறது. நிலத்தைத் திரும்பக் கேட்டு கவுண்டியே வழக்குப் போட்டிருக்கிறது. பொறுமையாக இருங்கள்.

மருதன்: அந்த வழக்கின் வக்கீல் ஃப்ரெட் கிரே. 28 பக்க எல்லையை 1960-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்தவரும் அவரேதான். இப்போது அவருக்கு 90 வயது, சார்.