புதுப்பிப்பு: இரண்டு கிட்டாருக்கும் ஒரே ரிவெர்ப் பெடல்

என் டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும், மடியில் கிடத்தி உலோகப் பாரைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் லேப் ஸ்டீல் கிட்டாருக்கும் சேர்த்து ஒரே ரிவெர்ப் பெடல் (சுரத்துக்குப் பின்னால் எதிரொலி போன்ற வால் சேர்க்கும் பெட்டி) போதுமா, அதில் சுருள்கம்பி அதிர்வது போன்ற ஸ்பிரிங் ஒலியா, உலோகத் தகடு அதிர்வது போன்ற பிளேட் ஒலியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரண்டு வகையும் உள்ள ஒரு பெடலை வாங்கி, மூன்று வாரமாக வாசித்துப் பார்த்துவிட்டேன்.

டெலிகாஸ்டருக்கு ஸ்பிரிங்தான், சந்தேகமே இல்லை. 1961-ல் ஃபெண்டர் கிட்டார் நிறுவனம் தனிப் பெட்டியாகக் கொண்டுவந்த அதே பாணி ஒலி. தந்தியை உள்ளங்கையால் அடக்கிப் பிக்கால் தட்டினால் கிணற்றில் கல் விழுந்த மாதிரி 'டொளக்' என்கிறது. அவ்வளவு அழகு!

ஸ்டீலில் அதே அமைப்பு சரிவரவில்லை. பாரை இரண்டு ஃப்ரெட் தூரம் இழுத்தால், பழைய சுரத்தின் வால் புதிய சுரத்தோடு மோதிக் குழம்புகிறது. பிளேட்டுக்கு மாற்றி, டிகேயை (வால் அடங்க எடுக்கும் நேரம்) குறைத்து, ப்ரீ-டிலேயை (சுரத்துக்கும் வால் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி) 40 மில்லி செகண்டில் வைத்தேன். இப்போது தந்தி முதலில் தெளிவாகப் பேசுகிறது. அப்புறம்தான் பின்னால் ஒலி விரிகிறது.

ஆனால் பெரிய மாற்றம் கொடுத்தது பெடல் வரிசை. வால்யூம் பெடலை ரிவெர்புக்குப் பின்னால் வைத்திருந்தேன். காலைத் தளர்த்தியதும் எதிரொலியும் சேர்ந்து அறுந்துபோகும். அதை ரிவெர்புக்கு முன்னால் கொண்டுவந்தேன். இப்போது சுரத்தை மூடிய பிறகும் வால் தன் போக்கில் மெல்ல அடங்குகிறது. ஸ்டீல் வாசிப்பவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.